அராஷியாமாவில் ஒரே ஒரு நாள்: சிவந்த இலைகளைக் காலை வெயிலில் பாருங்கள்

நவம்பர் கடைசி வாரம் அம்மாவோடு ஜப்பானில் கியோத்தோ போகிறீர்கள், அதில் அராஷியாமாவுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும், அந்த நேரத்தில் இலைகள் சிவந்திருக்குமா, எங்கே தொடங்கி எங்கே முடிப்பது, முழங்கால் வலி உள்ள அம்மாவால் அவ்வளவு நடக்க முடியுமா, சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நான் ஒசாகாவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இலையுதிர் காலம் வந்தால் ஒரு தடவையாவது அராஷியாமா போகாமல் இருந்ததில்லை, சில வருடம் மூன்று தடவைகூடப் போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றே ஒன்று. காலை ஏழரைக்குள் அங்கே போய்விடுங்கள், பகல் ஒரு மணிக்குள் இலை பார்ப்பதை முடித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்காகத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கூட்டமும் ஒரு காரணம்தான், ஆனால் பெரிய காரணம் சூரியன். அராஷியாமா கியோத்தோ நகரத்தின் மேற்கு ஓரத்தில், மலை அடிவாரத்தில் இருக்கிறது. நீங்கள் பார்க்கப் போகிற கோயில்கள் பெரும்பாலும் ஒகுரா மலையின் கிழக்குச் சரிவில், மலையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருக்கின்றன. காலையில் கிழக்கிலிருந்து வரும் வெயில் நேராக அந்தச் சரிவில் விழுகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும், அதோடு அந்தச் சிவப்பெல்லாம் மங்கிப் பழுப்பாகிவிடும். நவம்பர் கடைசியில் அங்கே சூரிய அஸ்தமனமே ஐந்து மணிக்கு முன்னால், ஏறக்குறைய நாலே முக்காலுக்கு. ‘போட்டோவில் பார்த்த மாதிரி இல்லையே’ என்று வருத்தப்படுகிறவர்களில் பாதிப் பேர் சரியான இடத்துக்கு மூன்று மணிக்குப் போனவர்கள்.

சரி, நாள் விஷயம். கியோத்தோ நகரப் பகுதியில் மேப்பிள் மரங்கள் வழக்கமாக நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை நல்ல நிறத்தில் இருக்கும். அக்டோபர் முழுக்க வெக்கை நீடித்தால் இது பின்னால் தள்ளிப்போகிறது. 2024இல் அப்படித்தான் ஆனது, பல இடங்களில் டிசம்பர் முதல் வாரத்தில்தான் உச்சம். அதனால் உங்கள் தேதி நல்ல தேதி, கவலையே வேண்டாம். ஆனால் நவம்பர் 23 ஜப்பானில் அரசு விடுமுறை. அதையொட்டி வரும் சனி ஞாயிறில் மட்டும் அராஷியாமாவை வைத்துக்கொள்ளாதீர்கள், செவ்வாய், புதன் மாதிரி ஒரு வேலை நாளாகப் பாருங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்னால் ‘கொயோ’, அதாவது இலை நிறம் மாறுவது, அதன் நிலவரம் என்று தேடினால் ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனியாக நிலை போட்டிருப்பார்கள். ‘இரோசுகி ஹாஜிமெ’ என்றால் நிறம் ஏறத் தொடங்கியிருக்கிறது, ‘மிகொரொ’ என்றால் பார்க்கச் சரியான பருவம், ‘சிரி ஹாஜிமெ’ என்றால் உதிரத் தொடங்கிவிட்டது. இந்த மூன்று சொல் தெரிந்தால் போதும்.

உதிரத் தொடங்கிவிட்டது என்று போட்டிருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டாம். பச்சைப் பாசி மேல் சிவப்பு இலைகள் விரிந்து கிடப்பது மரத்தில் இருப்பதைவிட எனக்குப் பிடிக்கும், அதற்கும் ஜப்பானியர்கள் ‘சிரி மோமிஜி’ என்று தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இலை பார்க்கப் போவதையே ‘மோமிஜிகாரி’, அதாவது செவ்விலை வேட்டை என்கிறார்கள். அம்மாவுக்குச் சொல்ல இன்னும் இரண்டு சொல். மேப்பிளுக்கு அவர்களுடைய பெயர் ‘கயெதெ’, தவளைக் கை என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது, இலையைக் கையில் வைத்துப் பார்த்தால் உடனே புரியும். அங்கே அதிகம் இருக்கும் வகை ‘இரோஹா மோமிஜி’. இலையின் ஏழு நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு இ, ரோ, ஹா, நி, ஹோ, ஹே, தோ என்று அவர்களுடைய பழைய அரிச்சுவடி வரிசையில் எண்ணுவார்களாம், அதனால் அந்தப் பெயர்.

ஏன் சிவக்கிறது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். குளிர் ஏற ஏற மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைப் பிரித்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறமி முன்பே இலையில் இருப்பதுதான், பச்சை போனதும் வெளியே தெரிகிறது, கிங்கோ மரம் அப்படி மஞ்சளாகிறது. சிவப்பு வேறு கதை. இலைக்காம்பு அடியில் ஒரு தடுப்பு உருவாகி, இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்ற நிறமி அந்தக் கடைசி நாட்களில் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் இருந்தால் சிவப்பு ஆழமாக வரும், மேகமூட்டமும் புழுக்கமுமாக இருந்தால் வெளிறிப்போகும். நம் ஊர் மாந்தளிர் செம்பழுப்பாக இருக்கிறதே, அதற்கும் இதே குடும்ப நிறமிதான் காரணம். நம் மரத்தில் இலை பிறக்கும்போது வருகிற நிறம் அவர்கள் மரத்தில் இலை விழும்போது வருகிறது. மாந்தளிர் நிறத்தில் புடவை வைத்திருக்கும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது எப்படிப் போவது. கியோத்தோ ரயில் நிலையத்திலிருந்து ஜே.ஆர். என்ற ஜப்பான் ரயில்வேயின் சாகானோ லைனில் சாகா-அராஷியாமா நிலையம். பதினைந்து பதினாறு நிமிடம்தான், கட்டணமும் 300 யென்னுக்குள். ஆனால் இந்த ரயில் கிளம்பும் 31, 32, 33ஆம் நடைமேடைகள் நிலையத்தின் ஒரு கோடியில் இருக்கின்றன, பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே நீளமாக நடக்க வேண்டும், அம்மாவோடு போகும்போது பத்து நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஒசாகா பக்கத்திலிருந்து வந்தால் ஹான்கியூ ரயிலில் கட்சுரா வந்து அங்கே மாறி ஹான்கியூ அராஷியாமாவில் இறங்கலாம், அது ஆற்றுக்குத் தெற்குப் பக்கம், பாலத்தைக் கடந்து ஊருக்குள் போக வேண்டும். ரான்தென் என்ற ஒற்றைப் பெட்டி டிராம் ஒன்றும் ஷிஜோ-ஒமியாவிலிருந்து ஓடுகிறது, ஊருக்கு நடுவிலேயே கொண்டுபோய் விடும். பேருந்து மட்டும் வேண்டாம். நான் முதல் வருடம் நவம்பர் விடுமுறை நாளில் பதினொரு மணிக்குப் பேருந்தில் போனேன். பாலத்துக்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகராமல் நின்றோம், இறங்கி உள்ளே போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. மறு வருடம் ரயிலில் காலையில் போனபோதுதான் அந்த மலையின் உண்மையான நிறத்தையே பார்த்தேன்.

இறங்கியதும் நேராக ஆற்றுக்குப் போங்கள். தொகெட்சுக்கியோ பாலம், நிலவு கடக்கும் பாலம் என்று பொருள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கமெயாமா என்ற பேரரசர், நிலா பாலத்தின் மேல் நடந்து போவதுபோல் இருக்கிறது என்று சொன்னதால் வந்த பெயர் என்பார்கள். பார்க்க மரப்பாலம் மாதிரி இருக்கும், ஆனால் இப்போதுள்ளது 1934இல் கட்டியது, கைப்பிடி மட்டும் மரம், தூண்களெல்லாம் கான்கிரீட், நீளம் 155 மீட்டர். வடக்குக் கரையில் நின்று தெற்கே பார்த்தால் எதிரே தெரிகிற மலைதான் உண்மையில் அராஷியாமா, ‘புயல் மலை’. ஊருக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மேப்பிள் சிவப்பு, காட்டுச் செர்ரியின் செம்மஞ்சள், நடுநடுவே பைன் மரத்தின் கரும்பச்சை என்று மலை முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும். ஏழரை மணிக்கு ஆற்றின் மேல் லேசாக ஆவி எழும், சில நாள் பனிமூட்டம் பாதி மலையை மறைத்திருக்கும். அம்மாவுக்கு நடை ஒன்றும் இல்லை, கரையிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். குளிர் ஐந்தாறு டிகிரி இருக்கும், ஸ்வெட்டரும் கழுத்துக்குத் துணியும் கட்டாயம்.

அங்கிருந்து மூங்கில் தோப்பு. எட்டு மணிக்குள் போனால் காற்றில் மூங்கில் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்கும், ஒன்பதரைக்கு மேல் மனிதக் குரல்தான் கேட்கும். கட்டணம் இல்லை, கதவும் இல்லை. ஆனால் உங்களுக்கு இலைதானே வேண்டும், இங்கே அதிக நேரம் நிற்க வேண்டாம். ஒரு வேண்டுகோள், மூங்கிலில் யாராவது பெயர் செதுக்கியிருப்பதைப் பார்த்தால் அதன் மேல் கைவைத்துப் படமெடுத்துப் பரப்பாதீர்கள். 2018இல் சுமார் 100 மூங்கில்களில் இப்படிக் கீறல் கண்டார்கள். மூங்கிலில் விழுந்த கீறல் ஆறுவதே இல்லை, அந்த மரம் சாகும்வரை அப்படியே நிற்கும்.

அடுத்து தென்ரியூஜி. தோட்டம் எட்டரைக்குத் திறக்கும், சில ஆண்டுகளில் இலைப் பருவத்தில் ஏழரைக்கே விடுகிறார்கள், முதல் நாள் இரவே கோயிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மட்டும் நீங்கள் அவசரப்படக் கூடாது. 1339இல் அஷிகாகா தகாவுஜி என்ற ஷோகுன் (படைத்தலைவராக இருந்து நாட்டை ஆண்டவர்), கோ-தைகோ பேரரசர் இறந்தபின் அவருடைய ஆன்மா அமைதியடைய வேண்டும் என்று தொடங்கிய ஜென் கோயில் இது. அந்தப் பேரரசரை எதிர்த்துப் போர் செய்து விரட்டியதே இந்தத் தகாவுஜிதான். கட்டப் பணம் போதவில்லை என்று சீனாவுக்கு வணிகக் கப்பல் அனுப்பி, அந்த லாபத்தில் கட்டினார்கள். முதல் தலைமைத் துறவி முசோ சோசெகி தோட்டக்கலையில் பெரிய மேதை, பின்னால் இருக்கும் சோகென்சி குளத்தோட்டம் அவருடையது. கட்டடங்கள் பல தடவை எரிந்து திரும்பக் கட்டியவை, தோட்டம் மட்டும் அவர் காலத்து அமைப்பை இன்றும் காட்டுகிறது. 1994இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

அந்தத் தோட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பெரிய அறையின் முன்னால் மேற்கு நோக்கி உட்கார்ந்தால் குளம், குளத்துக்கு அப்பால் பாறைகளை நிறுத்தி வைத்துச் செய்த வறண்ட அருவி, அதற்கு மேல் மேப்பிள்கள், அதற்கும் பின்னால் மலைகள். மலை தோட்டத்துக்குச் சொந்தமில்லை, ஆனால் தோட்டத்தின் பின்சுவரே அதுதான் என்பதுபோல் அமைத்திருக்கிறார். ‘ஷக்கெய்’, கடன் வாங்கிய காட்சி என்று இதற்குப் பெயர். வெயில் உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து மலையிலும் மரத்திலும் விழுகிறது, குளத்தில் அது அப்படியே தலைகீழாகக் கிடக்கும். காலையில் வரச் சொன்னது இதற்காகத்தான். தோட்டத்துக்கு ஒரு சீட்டு, கட்டடத்துக்குள் போக மேற்கொண்டு ஒரு சிறு தொகை. அம்மாவுக்காக அந்தக் கூடுதல் சீட்டு வாங்குங்கள், காலணி கழற்றிவிட்டு உள்ளே தரையில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். தரையில் உட்கார முடியாவிட்டால் தாழ்வாரத்து ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காரலாம். குளத்தைச் சுற்றி வரும் வழி பெரும்பாலும் சமதரை, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏற்றம்.

வெளியே வரும்போது வந்த வாசலால் திரும்பாமல் வடக்கு வாசலால் வாருங்கள், நேராக மூங்கில் வழியின் நடுவில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து இடது பக்கம் மேலே போனால் ஒகோசி சான்சோ. பேசாப் படக் காலத்தில் சாமுராய் வேடங்களுக்குப் பெயர்போன நடிகர் ஒகோசி தென்ஜிரோ, தன் சம்பாத்தியத்தைப் போட்டு முப்பது வருடம் செதுக்கிய மலைத்தோட்டம். கட்டணம் மற்ற இடங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆனால் மாட்சா என்ற பச்சைத் தேயிலைப் பொடித் தேநீரும் ஒரு இனிப்பும் அதில் சேர்த்தி, அதனாலேயே கூட்டம் குறைவு. மேலே இருந்து ஒரு பக்கம் கியோத்தோ நகரம், இன்னொரு பக்கம் ஆற்றுப் பள்ளத்தாக்கு. படிகளும் கற்களும் நிறைய, முழங்கால் வலிக்கு ஏற்றதல்ல. அம்மா இல்லாமல் போகிறவர்களுக்கு நான் தாராளமாகச் சொல்வேன், உங்களுக்கு வேண்டாம்.

இனிமேல்தான் உண்மையான இலை ஊர். பாலமும் மூங்கிலும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்களே, அவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. பத்து நிமிடம் வடக்கே நடந்தால் வயல் தெரியும், பெர்சிமன் பழம் ஆரஞ்சு நிறத்தில் இலையில்லாத மரத்தில் தொங்கும், சத்தம் அடங்கிவிடும். இந்தப் பகுதிக்கு சாகானோ என்று பெயர். வலது பக்கம் ஒரு சின்னக் கூரை வீடு, ராக்குஷிஷா, ‘பெர்சிமன் உதிர்ந்த குடில்’. ஹைக்கூ கவிஞர் பாஷோவின் மாணவர் முக்காய் கியோராயின் வீடு. 1691இல் பாஷோ இங்கே வந்து தங்கி நாட்குறிப்பு எழுதினார். வெளியிலிருந்து பார்த்தாலே போதும், முன்னால் வயல்வெளி அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பக்கத்திலேயே மலைச்சரிவில் ஜோஜாக்கோஜி. 1596வாக்கில் நிச்சிரென் என்ற பௌத்தப் பிரிவின் துறவி ஒருவர் ஒதுங்கி வாழ வந்த இடம். சுற்றுமதில் இல்லாத கோயில், எங்கே கோயில் முடிந்து எங்கே காடு தொடங்குகிறது என்றே தெரியாது. கூரை வேய்ந்த காவல் வாசல், அதற்குப் பின்னால் செங்குத்தாகக் கல்படிகள், படியின் இருபுறமும் பாசி, தலைக்கு மேல் முழுக்க மேப்பிள். படி ஏறி மேலே போனால் 1620இல் கட்டிய இரண்டடுக்குச் சிறு கோபுரம், அதற்கும் மேலே நின்றால் சிவப்புக் கிளைகளுக்கு நடுவே நகரம் முழுவதும் தெரியும். என் கண்ணில் அராஷியாமாவிலேயே சிறந்த இலைக் காட்சி இதுதான், அதனால்தான் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, அம்மாவுக்கு இந்தப் படி கஷ்டம். கூரை வாசல் வரை வரலாம், அங்கிருந்தே மேலே அண்ணாந்து பார்த்தால் பாதிக் காட்சி கிடைத்துவிடும். அவரை அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் இருபது நிமிடத்தில் ஏறி இறங்கிவிடலாம்.

அந்தக் குறையை நிசோனின் என்ற கோயில் தீர்த்துவைக்கும். வாசலிலிருந்து உள்ளே போகும் அகலமான பாதைக்கு ‘மோமிஜி நோ பாபா’ என்று பெயர், மேப்பிள் குதிரைத் திடல் என்று சொல்லலாம். நூறு மீட்டர் அளவுக்கு மெல்லிய சரிவு, இரண்டு பக்கமும் மேப்பிளும் செர்ரியும் மாறிமாறி, கிளைகள் மேலே கைகோத்து நிற்கும். படி முடிவில்தான் கொஞ்சம், அதுவும் தாழ்வான அகலப் படிகள். இரண்டு மூலவர்கள் உள்ள கோயில், அதுதான் பெயரின் பொருள். சாக்கிய புத்தர் இந்தப் பக்கத்திலிருந்து வழியனுப்புகிறார், அமிதாப புத்தர் அந்தப் பக்கத்திலிருந்து வரவேற்கிறார், இருவரும் அருகருகே நிற்கிறார்கள். வயதானவர்களோடு போகும்போது இந்தச் சிலைகளின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன்.

இந்த ஒகுரா மலை ஜப்பானியர்களுக்கு வெறும் மலை இல்லை. 1235வாக்கில் புஜிவாரா நோ தெய்க்கா என்ற கவிஞர் நூறு கவிஞர்களின் நூறு பாடல்களைத் தொகுத்தது இந்த மலையடிவாரத்தில்தான். அதில் ஒரு பாட்டு இந்த மலையின் இலைகளைப் பார்த்தே பேசுகிறது: உங்களுக்கு மனம் என்று ஒன்று இருந்தால், பேரரசர் மறுபடி வரும்வரை உதிராமல் காத்திருங்கள் என்று. புத்தாண்டு சமயத்தில் ஜப்பான் முழுக்கக் குழந்தைகள் சீட்டு விளையாட்டில் பாடிப் பாடிப் பழகிய பாட்டு அது. அதனால் அங்கே இலை பார்க்க வருகிற ஜப்பானியப் பாட்டிமார் முணுமுணுத்துக்கொண்டே நடந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நிசோனினிலிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே, ஒரு சந்துக்குள், கியோஜி. மிகச் சின்ன இடம், தோட்டமும் ஒரு குடிலும் மட்டும். இதற்கு ஒரு கதை உண்டு, அதைத் தெரிந்துகொண்டு போனால்தான் இந்த இடம் பேசும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நாட்டையே கையில் வைத்திருந்த தய்ரா நோ கியோமோரி, கியோ என்ற ஆடல்மகளிடம் மனம் பறிகொடுத்திருந்தான். ஒருநாள் ஹோதோகெ என்ற இன்னொரு இளம் ஆடல்மகள் வாசலில் வந்து ஆட அனுமதி கேட்க, அவன் விரட்டச் சொன்னான். பாவம், ஒரு தடவை பாருங்கள் என்று பரிந்து பேசியவளே கியோதான். அவன் பார்த்தான், அன்றே மனம் மாறினான், கியோவை வெளியேற்றினான். போகும்போது அவள் கதவில் எழுதிவிட்டுப் போனாளாம்: முளைப்பதும் வாடுவதும் ஒரே வயல் புல்தானே, இலையுதிர் காலம் வந்தால் எது தப்பும் என்று. தன் தங்கையோடும் தாயோடும் இங்கே வந்து துறவியானாள், அப்போது அவளுக்கு இருபத்தொன்று. பிறகு ஒரு இரவு யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், தலையை மழித்துக்கொண்டு ஹோதோகெ நிற்கிறாள், அந்த வரிகளைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் விட்டு வந்திருந்தாள். நால்வரும் சேர்ந்தே வாழ்ந்து முடித்தார்கள். இன்றைக்கும் அந்தக் குடிலில் அவர்கள் சிலைகள் இருக்கின்றன. வெளியே முழுக்கப் பாசி, அதன் மேல் மெல்லிய தண்டுகளில் மேப்பிள், டிசம்பர் தொடங்கினால் பச்சை மேல் சிவப்பு. கால் பாசியில் படாமல் கயிறு கட்டிய வழியிலேயே நடக்க வேண்டும். பேசாமல் ஒரு சுற்று, முடிந்தால் இரண்டு சுற்று வாருங்கள்.

இதற்குள் பதினொன்றரை ஆகியிருக்கும். அம்மாவுக்குக் கால் வலித்தால் இங்கே நிறுத்திவிட்டு டாக்சி கூப்பிட்டு நிலையத்துக்குத் திரும்பிவிடலாம், இலையில் பெரிதாக எதையும் தவறவிடவில்லை. தெம்பு இருந்தால் இன்னும் மேலே சாகா தொரிஇமொத்தோ தெரு, கூரை வேய்ந்த பழைய வீடுகளை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தெருக்கோடியில் சிவப்புத் தோரணவாயிலும் அதன் அடியில் கூரைமேல் பாசி படர்ந்த தேநீர்க்கடையும் வரும். அந்த வாயில் அதாகோ மலைக் கோயிலுக்குப் போகும் பாதையின் தொடக்கம். அதாகோ தெய்வம் நெருப்பிலிருந்து காப்பது, கியோத்தோக்காரர்கள் சமையலறையில் அதன் காகிதச் சீட்டை ஒட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். வழியில் அதாஷினோ நென்புட்சுஜி, பெயர் தெரியாதவர்களின் கல்லறைக் கற்கள் சுமார் 8000, வரிசை வரிசையாக. மேலே ஒதாகி நென்புட்சுஜியில் 1981 தொடங்கிப் பத்து வருடத்தில் சாதாரண மக்கள் வந்து கற்றுக்கொண்டு தாங்களே செதுக்கிய 1200 சிலைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு முகபாவம், தலையெல்லாம் பாசி. சரிவான இடம்தான், ஆனால் டாக்சியில் வாசல் வரை போகலாம்.

கை ரிக்‌ஷாவும் பாலத்தருகே நிறைய நிற்கும். விலை அதிகம், ஆனால் முழங்கால் வலிக்கு அது வீண் செலவு இல்லை. நிசோனின் பக்கம் வரை போய்வரச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், மூங்கில் பகுதியில் ரிக்‌ஷாவுக்கென்றே தனி வழி இருக்கிறது. ஓட்டுபவர்கள் ஊர்க்கதை நன்றாகச் சொல்வார்கள், கொஞ்சம் ஆங்கிலமும் வரும்.

சாப்பாடு. இந்தப் பகுதி தோஃபுவுக்கு, அதாவது சோயாப் பாலில் செய்யும் பனீர் போன்ற கட்டிக்கு, பேர்போனது. யுதோஃபு என்று மண்சட்டியில் கொம்பு என்ற கடற்பாசி போட்ட வெந்நீரில் தோஃபுவைச் சூடாக்கித் தருவார்கள், குளிருக்கு அவ்வளவு இதமாக இருக்கும். ஆனால் சைவம் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள், தொட்டுக்கொள்ளும் சாஸில் பெரும்பாலும் மீன் தாஷி, அதாவது மீன் சாறு, இருக்கும், கூட வரும் சிறு கிண்ணங்களிலும் இருக்கும். ‘நிகு, சகனா, கட்சுஓ தாஷி, தாபெமசென்’ (இறைச்சி, மீன், மீன் சாறு சாப்பிட மாட்டோம்) என்று முதலிலேயே சொல்லுங்கள், வெறும் சோயா சாஸ் தரச் சொல்லலாம். அம்மாவுக்கு மன நிம்மதியாக ஒருவேளை வேண்டுமென்றால் தென்ரியூஜி வளாகத்துக்குள்ளேயே ஷிகெட்சு என்ற இடத்தில் ஷோஜின் ரியோரி, துறவிகளின் உணவு. இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது, சாற்றுக்கும் கடற்பாசியும் காளானும்தான். முன்பதிவு செய்துகொள்ளுங்கள், இலைப் பருவத்தில் இடம் கிடைப்பது கஷ்டம். விலை கொஞ்சம் கூட, தரையில் உட்கார வேண்டும், நாற்காலி கிடைக்குமா என்று பதிவின்போதே கேளுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ‘யாகி இமோ’, அந்தப் பருவத்தில் கிடைக்கும், அதைவிட நல்ல மதியச் சாப்பாடு எனக்குத் தெரியாது. குப்பைத்தொட்டி எங்கும் இருக்காது, ஒரு பை எடுத்துப் போங்கள்.

அப்புறம் ரயில். எல்லோரும் கேட்பது தொரொக்கோ, பழைய பாணிச் சுற்றுலா ரயில். 1989இல் புதுப்பாதை வந்ததும் கைவிடப்பட்ட ஆற்றோரத் தடத்தில் 1991 முதல் ஓடுகிறது, 7.3 கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். ஹொஸு ஆற்றுப் பள்ளத்தாக்கு குறுகலானது, அதனால் வெயில் உள்ளே இறங்கும் நடுப்பகல் நேரம்தான் இதற்குச் சரி. சீட்டு ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், வந்த அன்றே வாங்கிவிடுங்கள். இதில் ஒரு சின்ன வழி: அராஷியாமாவிலிருந்து ஏறும் சீட்டு கிடைக்கவில்லை என்றால் எதிர்த்திசையில் தேடுங்கள். ஜே.ஆர். ரயிலில் உமாஹொரி வரை போய், பத்து நிமிடம் நடந்து தொரொக்கோ கமேஒகாவில் ஏறி இந்தப் பக்கம் வரலாம். காட்சி அதேதான், கூட்டம் குறைவு. ஐந்தாவது பெட்டியில் ஜன்னல் கண்ணாடியே கிடையாது, இலை கைக்கெட்டுவதுபோல் இருக்கும், ஆனால் குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்கும், அம்மாவுக்கு மூடிய பெட்டி எடுங்கள். கமேஒகாவிலிருந்து படகிலும் வரலாம், 16 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், துடுப்பும் மூங்கில் கழியும் போட்டு ஓட்டுவார்கள். முழங்கால் மடக்கி அவ்வளவு நேரம் உட்கார முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அந்தப் படகுப் பாதையைப் பாறைகளை உடைத்து 1606இல் திறந்தவர் சுமினோகுரா ரியோய் என்ற வணிகர், அரிசியும் மரமும் நகரத்துக்கு இறங்கி வந்தது அதன் பிறகுதான். நீங்கள் பார்த்த நிசோனினின் பெரிய வாசல் அவர் கொடுத்தது, ஜோஜாக்கோஜியின் நிலம் அவர் குடும்பம் கொடுத்தது. ஆற்று வேலையில் இறந்தவர்களுக்காக அவர் எழுப்பிய தைஹிகாக்கு செங்கோஜி என்ற சின்னக் கோயில், பாலத்தின் தெற்குக் கரையிலிருந்து ஆற்றோரமாக இருபது நிமிடம் நடந்து, பிறகு இருநூறு படி ஏறினால் வரும். கூட்டம் கிட்டத்தட்ட இருக்காது. கீழே பச்சை ஆறு, எதிர்ச்சரிவில் சிவப்பு, தொரொக்கோ போவதுகூட மேலிருந்து தெரியும். அம்மா அறையில் ஓய்வெடுக்கிற ஒரு மதியம் உங்களுக்குத் தனியாகக் கிடைத்தால் இங்கேதான் போக வேண்டும்.

குரங்குப் பூங்கா கேட்டிருந்தீர்கள், இருபது நிமிட ஏற்றம், உங்கள் நாளில் அதற்கு இடமில்லை. இரவு விளக்கலங்காரம் ஹோகொன்-இன் போன்ற சில இடங்களில் நடக்கும், அழகுதான், ஆனால் விடியலில் எழுந்த அம்மாவை இரவு எட்டு வரை நிறுத்திவைக்க வேண்டாம். ஒருவேளை உங்கள் தேதிக்கு முன்பே நண்பர்கள் யாராவது போகிறார்கள், நவம்பர் பத்து பன்னிரண்டு மாதிரி, என்றால் அவர்களை அராஷியாமாவுக்கு அனுப்பாமல் இன்னும் மேலே மலையில் இருக்கும் தகாவோவுக்கு அனுப்புங்கள், அங்கே குளிர் முன்னால் வருவதால் ஒரு வாரம் பத்து நாள் முன்பே சிவந்துவிடும்.

கேமரா வைக்கும் முக்காலியை எந்தக் கோயிலிலும் விட மாட்டார்கள், கிளையை இழுத்துப் படமெடுப்பதும் கூடாது. இலை வேண்டுமென்றால் பொதுப் பாதையில் விழுந்ததை எடுத்து ஒரு புத்தகத்துக்குள் வையுங்கள். ஏழு நுனி உள்ளதாகப் பார்த்து எடுங்கள், ஐந்து உள்ளதும் ஒன்பது உள்ளதும் நிறைய இருக்கும்.